குடும்பத்துக்கு ஒரே பாலிசியா, ஆளுக்கொரு பாலிசியா?

போன மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், இங்கே சிங்கப்பூரில் என் வேலையிடத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். புதுக்கோட்டைக்காரர். வெளிநாட்டு நிபுணர்களுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் வந்து ஒரு வருடம் ஆகிறது. மனைவியும் நான்கு வயது மகளும் குடும்பத்தினருக்கான டிப்பெண்டன்ட்ஸ் பாஸில் வந்து மூன்று மாதம்.

"அண்ணே, மூணு பேருக்கும் சேர்த்து ஃபேமிலி பிளான் ஒண்ணு எடுத்துட்டா மலிவா முடிஞ்சிடும்ல?"

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். என் வீட்டில் ஐந்து பேருக்கும் மருத்துவக் காப்புறுதி இருக்கிறது, ஆனால் 'ஃபேமிலி பிளான்' என்று ஒன்றை நான் கண்ணால் பார்த்ததில்லை. அவர் ஒன்றை மனதில் வைத்துக் கேட்கிறார், நான் வேறொன்றை மனதில் வைத்துப் பதில் சொல்கிறேன் என்று எங்கள் இருவருக்கும் புரிவதற்குள் மீ கோரெங் ஆறிப்போய்விட்டது. அன்று பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

எந்தத் திட்டத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் இரண்டு கேள்விகள் கேட்டுவிடுங்கள். சந்தாவை, அதாவது பிரீமியத்தை, யாருடைய வயது தீர்மானிக்கிறது? இழப்பீட்டுப் பணம் ஒரே பானையில் இருக்கிறதா, ஆளுக்கொரு பானையா? இந்த இரண்டும் தெரியாமல் "தனித் திட்டம் மலிவா, குடும்பத் திட்டம் மலிவா" என்று கேட்டால் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. விற்க வருபவர் மட்டும் சொல்லிவிடுவார்.

தம்பி மனதில் இருந்தது இந்தியாவில் 'ஃபேமிலி ஃப்ளோட்டர்' என்று விற்கப்படும் திட்டம். அதில் பானை ஒன்றுதான். பத்து லட்சம் ரூபாய்க்கு எடுத்தால் அந்தப் பத்து லட்சமும் வீட்டில் எல்லாருக்கும் பொது. கணவருக்கு டெங்கு வந்து மூன்று லட்சம் செலவானால், அந்த வருடம் மீதியுள்ள ஏழு லட்சம்தான் மனைவிக்கும் பிள்ளைக்கும். ஒரே வருடத்தில் மூன்று பேரும் ஆஸ்பத்திரியில் படுப்பது அபூர்வம் என்ற கணக்கில்தான் அது மலிவாக வருகிறது. மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பத்து லட்சம் எடுத்தால் மொத்தம் முப்பது லட்சத்துக்குப் பாதுகாப்பு. நிறுவனம் அதற்கேற்பக் கூடுதலாக வாங்கும். இளம் தம்பதியும் ஒரு குழந்தையும் என்றால் ஃப்ளோட்டர் நல்ல யோசனைதான், மறுக்க ஒன்றுமில்லை.

சிக்கல் வயதில் இருக்கிறது. ஃப்ளோட்டரின் விலையைப் பெரும்பாலும் அதிலுள்ளவர்களில் மூத்தவரின் வயதை வைத்துத்தான் போடுவார்கள். முப்பத்திரண்டு வயது மகன் தன் பாலிசியில் அறுபத்தெட்டு வயது அப்பாவைச் சேர்த்தால், அந்தப் பாலிசியே அறுபத்தெட்டு வயதுப் பாலிசி ஆகிவிடுகிறது. கிளெய்ம் எதுவும் செய்யாத வருடத்துக்குத் தரும் போனஸும் பொதுவானது என்பதால், அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தாலும் அடிபடுவது எல்லாருடைய போனஸும்தான்.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம்.

இங்கே குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அடித்தளமாக இருப்பது மெடிஷீல்டு லைஃப் என்ற அரசாங்க மருத்துவக் காப்புறுதி. 2015 நவம்பர் 1ஆம் தேதி தொடங்கியது. விண்ணப்பிக்க வேண்டியதில்லை, வேண்டாம் என்று விலகவும் முடியாது. ஏற்கெனவே நோய் உள்ளவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. கடுமையான நோய் இருந்தவர்களுக்கு மட்டும் முதல் பத்து ஆண்டுகளுக்குச் சந்தாவில் 30 சதவீதம் கூடுதல். இதில் குடும்பம் என்ற அலகே கிடையாது. பிறந்த குழந்தையானாலும் தொண்ணூறு வயதுப் பாட்டியானாலும் ஆளுக்கொரு பாலிசி, ஆளுக்கொரு பானை, அவரவர் வயதுக்கு ஒரு விலை.

அந்த விலை எப்படி ஏறுகிறது என்பதற்கு என் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். 2021 மார்ச்சில் வந்த அட்டவணையை வைத்துக் கணக்குப் போடுகிறேன், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். எனக்கு 38 வயது, மனைவிக்கு 36. இருவரும் 31 முதல் 40 வரையிலான பிரிவு, ஆளுக்கு 390 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பிள்ளைகள் இரண்டு பேர், ஆளுக்கு 145 வெள்ளி. ஆக நான்கு பேருக்கும் வருடத்துக்கு 1,070 வெள்ளி. அம்மாவுக்கு 71 வயது. இங்கே வயது என்றால் அடுத்த பிறந்தநாளில் ஆகப்போகும் வயது, அதனால் அட்டவணையில் அவர் 72. அந்தப் பிரிவுக்குச் சந்தா 1,195 வெள்ளி. எங்கள் நான்கு பேருக்கும் சேர்த்து ஆவதைவிட அம்மா ஒருவருக்கு அதிகம்! ஐந்து பேருக்கும் கூட்டினால் 2,265. இதெல்லாம் அரசாங்க மானியம் கழிப்பதற்கு முந்தைய தொகை. அம்மா 1950களில் பிறந்தவர், மெர்டேக்கா தலைமுறை என்பதால் அவருக்கு 5 சதவீதம் குறையும். 75 வயதைத் தாண்டினால் அது 10 சதவீதமாகும். 1949க்குள் பிறந்த முன்னோடித் தலைமுறைக்கு 40 முதல் 60 சதவீதம் வரை குறைகிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தனி மானியமும் உண்டு.

பழைய அட்டவணையை எடுத்ததன் காரணம் இதுதான். 2025 ஏப்ரலிலிருந்து மூன்று ஆண்டுகளில் சந்தாவைச் சராசரியாக 35 சதவீதம் படிப்படியாக ஏற்றுகிறார்கள், எண்கள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. அதோடு ஓர் ஆண்டில் கோரக்கூடிய உச்ச வரம்பையும் 1,50,000 வெள்ளியிலிருந்து 2,00,000 வெள்ளிக்கு உயர்த்தினார்கள். உங்கள் வீட்டுக்கான இன்றைய தொகையை மசேநிதி (மத்திய சேமநிதி) கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். வயது ஏற ஏறப் படி செங்குத்தாகும் என்பது மட்டும் எந்த அட்டவணையிலும் மாறாது.

இதைக் கேட்டதும் தம்பிக்கு ஒரு சந்தேகம். "அப்ப ஆளுக்காள் தனியாக் கட்டுறது கஷ்டமா இல்லையா அண்ணே?" இங்கேதான் சிங்கப்பூரின் 'குடும்பத் திட்டம்' ஒளிந்திருக்கிறது. பாலிசி தனித்தனி, ஆனால் பணம் எடுக்கும் பை ஒன்றாக இருக்கலாம். மெடிஷீல்டு லைஃப் சந்தாவை முழுவதுமாக மெடிசேவ் கணக்கிலிருந்து, அதாவது மசேநிதியில் மருத்துவச் செலவுக்கென இருக்கும் கணக்கிலிருந்து, கட்டலாம். உங்கள் மெடிசேவிலிருந்து மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் கட்டலாம். என் அம்மாவுக்கு நானும் அண்ணனும் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் கட்டுகிறோம். பிள்ளைகளுக்கு அவர்கள் பிறந்தபோது மெடிசேவில் அரசாங்கம் போட்ட மானியமே இன்றுவரை ஓடுகிறது. அந்த மானியம் முன்பு 4,000 வெள்ளியாக இருந்தது, 2025 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குடிமக்கள் குழந்தைகளுக்கு 5,000 வெள்ளி.

மெடிஷீல்டு லைஃபின் அளவுகள் அரசாங்க மருத்துவமனைகளில் மானியம் அதிகமுள்ள, பலர் சேர்ந்து இருக்கும் பி2, சி வார்டுகளை வைத்துப் போடப்பட்டவை. தனி அறையுள்ள ஏ வார்டோ தனியார் மருத்துவமனையோ வேண்டுமானால் அதற்கு மேல் ஒரு மாடி கட்ட வேண்டும். ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டம் என்பது அந்த மாடிதான். பேச்சு வழக்கில் 'ஷீல்டு பிளான்' என்போம். ஏஐஏ, கிரேட் ஈஸ்டர்ன், எச்எஸ்பிசி லைஃப், இன்கம், புருடென்ஷியல், ராஃபிள்ஸ், சிங்லைஃப் என ஏழு நிறுவனங்கள் இதை விற்கின்றன. இதிலும் ஒவ்வொருவருக்கும் தனிப் பாலிசி, அவரவர் வயதுக்கேற்ற விலை. ஏஜென்ட் ஒரே தாளில் நான்கு பேரையும் எழுதிக் கீழே ஒரு மொத்தத் தொகை போட்டு "ஃபேமிலி பேக்கேஜ்" என்று சொல்வார். அது பேக்கேஜ் இல்லை, கூட்டல் கணக்கு. அம்மா அப்பா இருவரும் குறிப்பிட்ட திட்டத்தை எடுத்தால் பிள்ளைகளுக்குச் சலுகை என்று சில நிறுவனங்கள் அவ்வப்போது தருவதுண்டு. கேட்டுப் பாருங்கள், கேட்பதற்குக் காசில்லை. ஆனால் பிள்ளையின் சந்தாதான் வீட்டிலேயே ஆகச் சிறியது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சின்னத் தொகையில் கிடைக்கும் சலுகைக்காகப் பெரியவர்கள் இருவரும் தேவைக்கு மேலான திட்டத்துக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த மாடிப் பகுதிக்கு மெடிசேவில் எடுக்க ஓர் எல்லை உண்டு. 40 வயது வரை ஆண்டுக்கு 300 வெள்ளி, 41 முதல் 70 வரை 600 வெள்ளி, 71 முதல் 900 வெள்ளி. அதற்கு மேல் ஆவது ரொக்கம். இளம் வயதில் இந்த எல்லைக்குள்ளேயே முடிந்துவிடுவதால் பலர் சந்தா கட்டுவதையே உணர்வதில்லை. எழுபதைத் தொடும்போது தனியார் மருத்துவமனைத் திட்டத்தின் சந்தா ஆயிரக்கணக்கில் போகும். மெடிசேவ் எல்லையோ அதே 900. ஆக, இன்றைக்கு எவ்வளவு என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். சுகாதார அமைச்சின் இணையத்தளத்தில் எல்லா நிறுவனங்களின் சந்தாவையும் ஒப்பிடும் பட்டியல் இருக்கிறது. உங்கள் வயதுப் பிரிவை மட்டும் பார்க்காமல் விரலைக் கீழே 75 வரை ஓட்டிப் பாருங்கள். நான் ஓட்டிப் பார்த்த அன்றுதான் தனியார் திட்டத்திலிருந்து ஏ வார்டுத் திட்டத்துக்கு இறங்கினேன்.

இந்த இறங்கும் வசதிதான் ஆளுக்கொரு பாலிசியின் பெரிய லாபம் என்பேன். என் வீட்டில் மனைவிக்கும் எனக்கும் ஏ வார்டு, பிள்ளைகளுக்கு அதற்கு ஒரு படி கீழே உள்ள பி1, அம்மாவுக்கு வெறும் மெடிஷீல்டு லைஃப். அம்மாவே "சி வார்டுல நாலு பேரு பேச்சுத் துணைக்கு இருப்பாங்க, எனக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டார். ஒரே பாலிசிக்குள் எல்லாரையும் அடைத்தால் இப்படித் தேவைக்கேற்பப் பிரித்துப் போட முடியாது. இறங்குவது எளிது, ஏறுவதற்குத்தான் உடல்நிலை பற்றி மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சந்தாவைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசிவிட்டோம், பில் வரும்போது என்ன ஆகும்? இங்கே டிடக்டிபிள், கோ-இன்சூரன்ஸ் என்று இரண்டு சொல் வரும். டிடக்டிபிள் என்பது காப்புறுதி வாயைத் திறப்பதற்கு முன் நாம் கொடுக்க வேண்டிய தொகை. கோ-இன்சூரன்ஸ் என்பது அதற்குப் பிறகுள்ள மீதியில் நம் பங்கு. ஏ வார்டு அல்லது தனியார் திட்டத்தில் டிடக்டிபிள் பொதுவாக 3,500 வெள்ளி, கோ-இன்சூரன்ஸ் 10 சதவீதம். பில் 23,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதல் 3,500 நம்முடையது. மீதி 20,000இல் பத்து சதவீதம் 2,000. மொத்தம் 5,500 நம் பக்கம், 18,000 அவர்கள் பக்கம். நம் பங்கில் ஒரு பகுதியை மெடிசேவிலிருந்தும் கட்டலாம்.

குடும்பமாக யோசிக்கும்போது பலரும் கவனிக்காத இடம் இது. டிடக்டிபிள் ஆளுக்கு ஒன்று. ஒரே வருடத்தில் மனைவியும் மகனும் படுத்தால் இரண்டு டிடக்டிபிள். மனைவி கட்டிய 3,500 மகனின் கணக்கில் சேராது. அதே சமயம் மனைவியின் பில் எவ்வளவு பெரிதானாலும் மகனின் ஆண்டு வரம்பில் ஒரு காசு குறையாது. ஃப்ளோட்டரில் இது அப்படியே தலைகீழ்.

இந்த 5,500ஐக் குறைக்கத்தான் ரைடர், அதாவது ஷீல்டு பிளானோடு கூடுதலாக எடுக்கும் இணைப்பு. அதன் சந்தாவுக்கு மெடிசேவைத் தொடவே முடியாது, முழுக்க ரொக்கம். ஒரு காலத்தில் ஒரு காசுகூட நம் கையிலிருந்து போகாத ரைடர்கள் இருந்தன. எல்லாரும் தாராளமாகச் செலவழிக்க, சந்தா ஏறிக்கொண்டே போனது. 2018இல் குறைந்தது 5 சதவீதமாவது நோயாளி கட்ட வேண்டும் என்று விதி வந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் புதிய ரைடர்கள் டிடக்டிபிளை ஏற்கவும் கூடாது. நோயாளி பங்கின் ஆண்டு உச்சவரம்பும் 3,000 வெள்ளியிலிருந்து 6,000 வெள்ளியாகிவிட்டது, டிடக்டிபிள் அதில் சேராது. மேலே சொன்ன அதே பில்லுக்குப் புதிய ரைடர் இருந்தால் 3,500உம் மீதியில் 5 சதவீதமான 1,000உம் நம்முடையது, ஆக 4,500 வெள்ளி. ரைடர் இல்லாமல் 5,500. வித்தியாசம் ஆயிரம். அந்த ஆயிரத்துக்காக வருடா வருடம் ரொக்கமாக எவ்வளவு கட்டப் போகிறோம், அதுவும் எத்தனை பேருக்கு? பில் ஒரு லட்சத்தைத் தாண்டினால் கணக்கு வேறு மாதிரி வரும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். சில நிறுவனங்களில் கிளெய்ம் செய்தவரின் ரைடர் சந்தா மட்டும் அடுத்த ஆண்டு ஏறும். வீட்டில் மற்றவர்களுடையது ஏறாது.

"இதெல்லாம் உங்களுக்கு. எனக்கு?" என்றார் தம்பி. நியாயமான கேள்வி. வேலை பாஸில் இருப்பவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்துக்கும் மெடிஷீல்டு லைஃப் கிடையாது. அரசாங்க மருத்துவமனையில் மானியமும் கிடையாது. வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற மற்ற வேலை அனுமதிகளில் உள்ள ஊழியர்களுக்கு முதலாளி கட்டாயம் காப்புறுதி எடுக்க வேண்டும். 2023 ஜூலை முதல் அதன் குறைந்தபட்ச ஆண்டு வரம்பு 60,000 வெள்ளி. எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, நிறுவனம் கொடுத்தால் உண்டு.

அதனால் அவருக்கு நான் சொன்ன முதல் வேலை, மனிதவளப் பிரிவில் போய்க் குழுக் காப்புறுதியின் பட்டியலைக் கேட்டு வாங்குவது. மனைவி, பிள்ளையைச் சேர்க்கலாமா, சேர்த்தால் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள், எந்த வார்டு, ஒரு முறை படுத்தால் எவ்வளவு வரை என்று அதில் இருக்கும். குழுவாக எடுப்பதால் இது பெரும்பாலும் தனியாக வாங்குவதைவிட மலிவு. வேலை போனால் அதுவும் சேர்ந்து போய்விடும் என்பதுதான் குறை. நாற்பத்தைந்து வயதில் சர்க்கரையோடு வேலை மாறுபவர் புதிதாகத் தனிப் பாலிசி எடுக்கப் போனால் என்ன பாடு என்பதை என் உறவினர் ஒருவரிடம் பார்த்திருக்கிறேன். அலுவலகக் காப்புறுதியை மட்டும் நம்பிப் பதினைந்து வருடம் இருந்தவர் அவர்.

தனியாக வாங்குவதென்றால் வெளிநாட்டவர்களுக்கு விற்கப்படும் திட்டங்கள் உண்டு. அவற்றிலும் பெரும்பாலும் ஆளுக்கொரு விலை போட்டுக் கூட்டித்தான் 'குடும்ப' விலை சொல்வார்கள். எனவே அதே இரண்டு கேள்விகள். அதோடு மூன்றாவதாக ஒன்று: எந்த நாட்டில் சிகிச்சை எடுத்தால் செல்லும்? சென்னையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அங்கே ஃப்ளோட்டர் எடுத்துவிட்டு இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அது பொதுவாக இந்தியாவில் நடக்கும் சிகிச்சைக்குத்தான். நள்ளிரவில் குழந்தைக்கு வலிப்பு வந்தால் விமானம் ஏறவா முடியும்?

ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அங்கே எடுக்கும் பாலிசி பொருந்தும். தம்பியின் அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 62. மூத்தவர் வயதுதான் விலை என்பதால் தன்னோடு சேர்க்காமல் பெற்றோர் இருவருக்கும் தனியாக எடுக்கச் சொன்னேன். இருவருக்கும் ஒரே ஃப்ளோட்டரா, ஆளுக்கொன்றா என்றால், என் விருப்பம் ஆளுக்கொன்று. இருவரும் ஒரே வருடத்தில் படுப்பது அந்த வயதில் அபூர்வமில்லை. இப்போது செலவும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இந்தியாவில் தனிநபர், ஃப்ளோட்டர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியை 2025 செப்டம்பர் 22 முதல் எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலமும் 2024 முதல் அதிகபட்சம் மூன்று ஆண்டுதான், முன்பு நான்கு.

இரண்டு வாரம் கழித்து அதே மேசை. குழுக் காப்புறுதியில் மனைவியையும் மகளையும் சேர்த்துவிட்டு, அதற்கு மேல் மூவருக்கும் ஒரு தனித் திட்டத்துக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. மனைவி தைராய்டுக்குத் தினமும் ஒரு மாத்திரை போடுகிறார். "சின்ன விஷயம்தானே அண்ணே, எழுதணுமா? எழுதினா மூணு பேருக்கும் விலை ஏத்திடுவாங்களோ?"

எழுதச் சொன்னேன். மறைத்தால் பின்னால் கிளெய்ம் மறுக்கப்படலாம், பாலிசியே ரத்தாகலாம். குடும்பம் என்று ஒரே படிவத்தில் எழுதினாலும் நோயை அவரவர் பெயரில்தான் பார்ப்பார்கள். பாலிசி வந்தது. மனைவியின் பக்கத்தில் தைராய்டு தொடர்பானவற்றுக்கு விலக்கு என்று ஒரு வரி, தம்பியின் பக்கமும் மகளுடைய பக்கமும் சுத்தமாக இருந்தன. ஒரே உறைக்குள் மூன்று பாலிசி எண்கள்.